ஈரத்தை எடைபோடாத சட்டம்

கஞ்சா வழக்கில் ஒருவர் எத்தனை ஆண்டு சிறையில் இருப்பார் என்பதைப் பெரும்பாலும் தராசுதான் முடிவு செய்கிறது. அந்தத் தராசு செடியோடு சேர்த்து, செடிக்குள் தங்கியிருக்கும் தண்ணீரையும் நிறுக்கிறது. தண்ணீர் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை; மகஜரிலும் அதற்கென்று ஓர் இடம் கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மழை நாளொன்றில், கும்மிடிப்பூண்டியைத் தாண்டி எளாவூர் சோதனைச்சாவடியில் ஒரு வண்டி மடக்கப்படுகிறது. பண்டல்களைப் பிரித்து நிறுத்தால் நிகர எடை 21.5 கிலோ. அரைகுறையாகக் காய்ந்த சரக்கு. ஈரம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உலர்பொருள் 17.2 கிலோ. அதே சரக்கு நன்றாகக் காய்ந்து 12 சதவீத ஈரத்துக்கு வந்திருந்தால் தராசு ஏறத்தாழ 19.55 கிலோதான் காட்டியிருக்கும். வண்டி அதே, ஆள் அதே, செடியும் அதே. சட்டப்படி குற்றத்தின் தரம் மட்டும் மாறிவிடுகிறது.

1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2001 அக்டோபரில் வெளியான அறிவிக்கை, கஞ்சாவுக்குச் சிறிய அளவு 1 கிலோ என்றும் வணிக அளவு 20 கிலோ என்றும் வரையறுத்தது. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தபட்சம் 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு கடுங்காவல். அபராதமே 1 லட்சம் ரூபாயில் தொடங்கும். தாண்டாமல் இரண்டுக்கும் இடைப்பட்ட அளவாக இருந்தால் குறைந்தபட்சத் தண்டனை என்று ஒன்று இல்லை. உச்சவரம்பு 10 ஆண்டு. தீர்ப்பு வருவதற்கு முன்பே இன்னொரு வேறுபாடு உறைக்கும். வணிக அளவு என்று பதிவானதும் 37ஆவது பிரிவு குறுக்கே வந்து நிற்கும். குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிமன்றம் கருதினால் ஒழிய ஜாமீன் இல்லை. எல்லைக்கோட்டுக்கு அருகே நிற்கும் வழக்குகளில் அரைக் கிலோ தண்ணீருக்கு இத்தனை வலிமை உண்டு.

இந்தப் பின்னணியில், 2022 டிசம்பர் 23 அன்று ஒன்றிய அரசு வெளியிட்ட போதைப்பொருள் பறிமுதல், சேமிப்பு, மாதிரி எடுத்தல், அழித்தல் விதிகளை எடைபோடுவதே இக்கட்டுரையின் வேலை. அளவுகோல்கள் மூன்று. பிடிபட்டபோது இருந்த பொருளும் நீதிமன்றத்தில் காட்டப்படும் பொருளும் ஒன்றே என்று இந்த விதிகள் உறுதிசெய்கின்றனவா? இடையில் எடை குறைந்தால் அது காய்ந்ததா, களவுபோனதா என்று பிரித்துச் சொல்ல வழி இருக்கிறதா? ஆய்வகத்துக்குப் போகும் மாதிரி கெடாமல் போய்ச் சேருகிறதா?

குடுவைக்காரர்களின் அறிவு

ஈரத்தைப் பற்றிக் கவலைப்படும் வேறொரு கூட்டம் உலகில் இருக்கிறது. கஞ்சா சட்டபூர்வமான நாடுகளில் அறுவடைக்குப் பிந்தைய பதப்படுத்தலே ஒரு தொழில். 2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் அது வெளிப்படையாக நடக்கிறது. பச்சைச் செடியில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். அதை நிழலில் காயவைத்து, பத்துப் பன்னிரண்டு சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்து, கண்ணாடிக் குடுவையில் அடைத்து, உள்ளே இருக்கும் காற்றின் ஒப்பு ஈரப்பதத்தை 58க்கும் 62க்கும் இடையில் பல வாரம் நிறுத்துகிறார்கள். நமக்கு வேண்டியது அவர்களுடைய கைப்பழக்கம் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் அறிவியல். அதிலும் நிலைநாட்டப்பட்டது எது, வியாபாரப் பேச்சு எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

உறுதியாக நிற்பது நீர்ச்செயற்பாடு என்னும் அளவை. ஒரு பொருளுக்குள் இருக்கும் மொத்தத் தண்ணீரில் நுண்ணுயிர்கள் பயன்படுத்தத்தக்க நிலையில் இருப்பதை அது காட்டுகிறது. மூடிய குடுவையில் காற்றும் பொருளும் சமநிலைக்கு வந்தபின், காற்றின் ஒப்பு ஈரப்பதத்தை நூறால் வகுத்தால் கிடைப்பதே அது. உலர் கஞ்சாப் பூவுக்கு 0.55 முதல் 0.65 வரை ஏற்கத்தக்கது என்று ஏஎஸ்டிஎம் என்னும் பன்னாட்டுத் தரநிர்ணய அமைப்பு 2018இல் தரநிலை வகுத்தது. 0.65க்குக் கீழே பூஞ்சை வளர்வது மிக அரிது. 0.70ஐத் தாண்டி மேலே போகப்போக ஆஸ்பெர்ஜில்லஸ் இனத்துக்குக் கதவு திறக்கும். நிலக்கடலையில் அஃப்ளடாக்சின் நஞ்சைச் சேர்க்கும் பூஞ்சையும் இதே இனம்தான்.

நிறைவுற்ற உப்புக் கரைசலைக் கொண்டு மூடிய கலத்தின் ஈரத்தை நிலைநிறுத்துவதும் ஐயத்துக்கு இடமில்லாத இயற்பியல். சோற்றுப்பு வைத்தால் 25 டிகிரியில் காற்று 75 சதவீதத்தில் நிற்கும். வேறு உப்புகள் வேறு அளவில் நிறுத்தும். கடையில் விற்கும் ஈரக்கட்டுப்பாட்டுப் பொட்டலங்கள் இந்த விதியை வைத்தே செய்யப்பட்டவை. ஈரமானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கவும் இதே உப்புச் சோதனை போதும்.

குடுவையை முதல் வாரம் தினம் இத்தனை முறை திறக்க வேண்டும், 62ஐவிட 58 சிறந்தது, அப்போதுதான் மணம் முழுமை பெறும் என்பவை அனுபவக் குறிப்புகள். அவற்றுக்குப் பின்னால் வலுவான ஒப்பாய்வு குறைவு. நம் விவாதத்துக்கு அவை தேவையும் இல்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டே செய்திதான். இந்தப் பொருள் சுற்றியுள்ள காற்றோடு ஓயாமல் கொடுக்கல் வாங்கல் செய்கிறது. ஈரத்தோடு அடைத்தால் கெடுகிறது.

இந்த இரண்டையும் எளாவூர் இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில் பொருத்திப் பாருங்கள். கிழக்கே வங்கக் கடலும் பழவேற்காடு ஏரியும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது வழக்கம். சரக்கு வருவதோ பெரும்பாலும் ஆந்திர, ஒடிசா மலைப்பகுதிகளிலிருந்து, சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை வழியாகவோ கூடூர் ரயில் பாதை வழியாகவோ. பாலிதீனில் சுற்றி, பழுப்பு டேப் ஒட்டி, பண்டலாகக் கட்டியது. பண்டல் பிரியாதவரை உள்ளே இருக்கும் ஈரம் அங்கேயே அடைபட்டிருக்கும். பிரித்து நிறுத்து, மீண்டும் சாக்கில் போட்டுக் கட்டி, காவல் நிலையத்தின் வழக்குச் சொத்து அறையில் வைத்த கணத்திலிருந்து எடை மாறத் தொடங்கும். ஏப்ரலில் குறையும். நவம்பரில், நன்கு காய்ந்த சரக்காக இருந்தால், கூடவும் கூடும். 10 சதவீத ஈரத்தோடு 19.8 கிலோ இருந்தது 14 சதவீதத்துக்கு ஏறினால் 20.7 கிலோ ஆகிவிடும். இந்த மாற்றம் யாருடைய கைவேலையும் இல்லை. பதிவில் அது இல்லாததால்தான் அதை யார் வேண்டுமானாலும் தனக்கு வசதியாகப் பயன்படுத்திக்கொள்ள முடிகிறது.

விதிகள் சாதித்தது

2022 விதிகளை வெறும் குறைப்பட்டியலாக வாசிப்பது நியாயமில்லை. அதற்கு முன்னால் இருந்த நிலை என்னவென்று 2016 ஜனவரி 28 அன்று மோகன்லால் வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பார்க்கலாம். தலைமை நீதிபதி டி.எஸ். தாக்கூரும் நீதிபதி குரியன் ஜோசப்பும் நாடு முழுவதும் இருந்து விவரம் கேட்டார்கள். பறிமுதல் செய்த போதைப்பொருள்கள் ஆண்டுக்கணக்கில் அழிக்கப்படாமல் கிடப்பதும், பல இடங்களில் அவற்றுக்கென்று பாதுகாப்பான கிடங்கே இல்லாததும், அவை மீண்டும் சந்தைக்குக் கசியும் ஆபத்தும் வெளிச்சத்துக்கு வந்தன. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 52ஏ பிரிவின்படி நீதித்துறை நடுவர் முன்னிலையில் மாதிரி எடுக்க வேண்டும், மீதியைத் தாமதமின்றி அழிக்க வேண்டும் என்று நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது.

2022 விதிகள் அந்தத் தீர்ப்பின் உணர்வைச் சட்ட வடிவத்துக்குக் கொண்டுவந்தன. ஒவ்வொரு பொட்டலத்தையும் தனித்தனியே நிறுத்து எண்ணிட வேண்டும். சாட்சிகளும் பொருளை வைத்திருந்தவரும் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும். மாதிரி நடுவர் முன்னிலையில்தான். ஆய்வகம் 15 நாளில் அறிக்கை தர வேண்டும். மாதிரியும் புகைப்படமும் பட்டியலும் முதன்மைச் சாட்சியமாகக் கொள்ளப்படும். மொத்தச் சரக்கு வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் அளவுகோலான அடையாளத்தைப் பொறுத்தவரை இது உண்மையான முன்னேற்றம். சம்பவ இடத்திலேயே அதிகாரி விருப்பப்படி ஒரு பிடி அள்ளி மாதிரி என்று அனுப்பிய காலத்தோடு ஒப்பிட்டால் மிகப் பெரிய முன்னேற்றம்.

இரண்டாவது, மூன்றாவது அளவுகோல்களில்தான் சறுக்கல். கஞ்சா, கஞ்சாப் பிசினான சரஸ், அபினி ஆகியவற்றுக்கு மாதிரி 24 கிராம் என்பது 1989ஆம் ஆண்டு நிலையாணையில் இருந்தது. 2022 விதிகளிலும் அதே 24 கிராம். மாதிரியை வெப்பத்தால் ஒட்டிய பிளாஸ்டிக் பையில் வைப்பது வசதியானது, பாதுகாப்பானது என்றும் அந்தப் பழைய ஆணை சொன்னது. மாத்திரைக்கும் பொடிக்கும் அது பொருந்தும். நன்கு காய்ந்த கஞ்சாவுக்கும் பொருந்தும். ஈரமான பூவை அப்படி ஒட்டி அனுப்பினால், குடுவைக்காரர்கள் எதற்கு அஞ்சிப் பல வாரம் பாடுபடுகிறார்களோ அதையே நாம் முத்திரை வைத்துச் செய்கிறோம். ஈரம் எவ்வளவு என்று பார்க்கும் கட்டளை 1989இலும் இல்லை, 2022இலும் இல்லை. மாதிரி ஈரமாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியே எழுப்பப்படவில்லை.

வெளிநாட்டுச் சட்டங்கள் இதில் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கனடாவின் கஞ்சாச் சட்டம் 1 கிராம் உலர் கஞ்சாவுக்கு 5 கிராம் பச்சைக் கஞ்சா சமம் என்று அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. பொது இடத்தில் 30 கிராம் உலர்ந்தது வைத்திருக்கலாம் என்றால் பச்சையாக 150 கிராம் வரை. அமெரிக்காவின் 2018 வேளாண் சட்டம் தொழிற்சணலையும் போதைச் செடியையும் பிரிக்கும் போதை தரும் சேர்மமான டிஎச்சியின் 0.3 சதவீதக் கோட்டை உலர் எடை அடிப்படையில் என்று தெளிவாகச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சணல் சோதனை முறையில் மாதிரியை 70 டிகிரிக்கு மிகாமல் உலர்த்தி, 8 முதல் 13 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்த பிறகே பகுப்பாய்வு. நம் சட்டத்தில் பச்சைக்கும் உலர்ந்ததற்கும் வேறுபாடு இல்லை. பூக்கும் அல்லது காய்க்கும் நுனி என்றால் கஞ்சா. அதன் எடை தராசு சொல்வது.

இந்த இடைவெளி நம் நாட்டில் கூடுதலாக உறைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கஞ்சா வழக்குகளில் ஆய்வக அறிக்கை பெரும்பாலும் இது கஞ்சாதானா என்ற கேள்விக்கு மட்டும் விடை சொல்லும். டிஎச்சி எத்தனை சதவீதம் என்பது தண்டனையை மாற்றுவதில்லை. வீரியத்தைக் கணக்கில் எடுக்காத சட்டத்தில் முழுப் பாரமும் எடை மேல் விழுகிறது. அந்த எடையில் தண்ணீர் எவ்வளவு என்று மட்டும் பார்ப்பதில்லை.

எலி தின்றது, காய்ந்துபோனது

எடை குறைந்த வழக்குகள் நம்மைச் சுற்றி நிறைய. 2022 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் மதுரா மாவட்டக் காவல்துறை, ஷேர்கட், ஹைவே என்ற இரண்டு காவல் நிலையங்களில் இருந்த 581 கிலோ கஞ்சாவை எலிகள் தின்றுவிட்டதாக நீதிமன்றத்தில் சொன்னது. சென்னை மெரினா காவல் நிலையத்தில் 2020இல் பதிவான வழக்கில் 22 கிலோ பறிமுதல் ஆனது. ஆய்வகத்துக்கு 50 கிராம், நீதிமன்றத்துக்கு 50 கிராம் போக, மீதி 21.9 கிலோவையும் எலி தின்றதாகச் சொல்லப்பட்டது. 2023 ஜூலையில் குற்றம் சாட்டப்பட்ட இருவரும் விடுதலையானார்கள்.

எலிக் கதையைக் கேட்டு ஊரே சிரித்தது. காய்ந்துபோனது என்ற விளக்கத்தைக் கேட்டால் யாரும் சிரிப்பதில்லை. அது நம்பும்படியாக இருக்கிறது. அதனால்தான் அதை அதிகக் கவனத்தோடு பார்க்க வேண்டும். காய்வதற்கு ஒரு கணித எல்லை உண்டு. 25 சதவீத ஈரத்தில் பிடிபட்டு 10 சதவீதத்துக்குக் காய்ந்தால் எடை இழப்பு 16.7 சதவீதம். 20இலிருந்து 12க்கு என்றால் 9.1 சதவீதம். தொடக்க ஈரம் தெரிந்தால், காய்வதால் அதிகபட்சம் எவ்வளவு குறையலாம் என்று ஒரு பள்ளி மாணவனே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவான். அதற்கு மேல் குறைந்தால் காய்வு என்ற விளக்கம் பொய். தொடக்க ஈரம் பதிவில் இல்லாதபோது எந்த இழப்பையும் அந்தப் பெயரில் கடத்தலாம். காய்வதால் உண்மையாகவே குறைந்ததையும் களவு என்று குற்றம்சாட்டலாம்.

2005ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்ற கோவா வழக்கு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டும். ஒரே ஆளிடம் பிடிபட்ட சரஸ், இரண்டு உறைகளில். ஒன்று 100 கிராம், மற்றது 115 கிராம் என்று பதிவு. ஆய்வகத்தில் நிறுத்தபோது முதல் உறை 98.16 கிராம், இரண்டாவது 82.54 கிராம். உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைப் புறக்கணிக்க மறுத்து விடுதலை அளித்தது. ஈரக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த முடிவு இன்னும் வலுப்பெறுகிறது. முதல் உறையில் இழப்பு 1.84 சதவீதம்; காய்வு என்று ஏற்கலாம். இரண்டாவதில் 28.2 சதவீதம். அவ்வளவும் ஈரமென்றால், பிடிபட்டபோது அந்தப் பிசினில் குறைந்தது 28 சதவீதம் தண்ணீர் இருந்திருக்க வேண்டும். ஒரே நாளில் ஒரே இடத்தில் கிடைத்த இரண்டு துண்டுகள் இப்படி வேறுபட வழி இல்லை. அன்றே ஈரத்தைப் பதிந்திருந்தால் வாதம் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

மாதிரியின் வயதையும் வேதியியல் சொல்லும். அறை வெப்பத்தில் வைத்த கஞ்சாவில் டிஎச்சி மெல்ல மெல்ல சிபிஎன் என்னும் வேறொரு சேர்மமாக மாறுகிறது. மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ராஸ், எல்சோலி ஆகியோர் செய்த ஆய்வில் முதல் ஆண்டில் 16.6 சதவீதமும், இரண்டாம் ஆண்டு முடிவில் 26.8, மூன்றாம் ஆண்டில் 34.5, நான்காம் ஆண்டில் 41.4 சதவீதமும் டிஎச்சி குறைந்திருந்தது. சிபிஎன்னுக்கும் டிஎச்சிக்கும் உள்ள விகிதத்தை வைத்துச் சேமிப்புக் காலத்தைத் தோராயமாக ஊகிக்கலாம் என்று அவர்கள் முன்வைத்தார்கள். நாலு வருஷம் சொத்து அறையில் இருந்ததாகச் சொல்லப்படும் சரக்கு நேற்றுப் பறித்ததுபோல் இருந்தால், மாற்றி வைக்கப்பட்டதோ என்று கேட்க அது ஓர் ஆதாரம். நம் விதிகள் இந்தக் கருவியையும் தொடவில்லை.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் சட்டத்திலிருந்து வரும். 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், போதைப்பொருளோடு கலந்த நடுநிலைப் பொருளின் எடையையும் சேர்த்துத்தான் அளவு கணக்கிடப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மாவு கலந்த ஹெராயினில் மாவையும் நிறுக்கும்போது கஞ்சாவில் தண்ணீரை மட்டும் ஏன் கழிக்க வேண்டும்? வலுவான கேள்வி. ஆனால் மாவு கலப்பவர் மாவைக் கலந்தே விற்கிறார். வாங்குபவர் கைக்கு அது போய்ச் சேர்கிறது. அதனால் கலவை முழுதும் கேடு என்ற தர்க்கம் பொருந்துகிறது. செடியின் ஈரம் விற்பனைக்குச் சேர்த்த பொருள் இல்லை. சரக்கு கைமாறும் முன்பே அது ஆவியாகிவிடும். அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தை இயற்கை ஈரத்துக்கு அப்படியே நீட்டுவது தானாக நடந்துவிட வேண்டிய காரியம் இல்லை. இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் ஒன்றை ஒப்புக்கொண்டே தீர வேண்டும்: ஈரத்தைக் கழிப்பதா வேண்டாமா என்பது தனிக் கேள்வி, அதைப் பதிவதா வேண்டாமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு ஹீரா சிங் தீர்ப்பு எந்தத் தடையும் சொல்லவில்லை.

குற்றவாளிகள் தப்ப இன்னொரு ஓட்டையைத் திறந்துவிடுகிறோம் என்பது இரண்டாவது எதிர்வாதம். நூற்றுக்கணக்கான கிலோ பிடிபடும் வழக்குகளை ஈரம் அசைக்காது. 200 கிலோவிலிருந்து எவ்வளவு தண்ணீரை வடித்தாலும் அது வணிக அளவுதான். அசையக்கூடியவை 20 கிலோ கோட்டை ஒட்டியவை, அதேபோல் 1 கிலோ கோட்டை ஒட்டியவை. அங்கே ஐயம் இருந்தால் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போவது குற்றவியல் நீதியின் அடிப்படை. ஈரப் பதிவு இருந்தால் சரக்கு குறைந்ததை வைத்துத் தப்ப நினைப்பவரின் வாதமும் உடையும். இன்று பயன்படும் ஓட்டை, பதிவு இல்லாததால் கிடைத்ததுதான்.

மூன்றாவது எதிர்வாதம் நடைமுறை. காவல் நிலையத்தில் ஆள் இல்லை, கருவி இல்லை, நேரம் இல்லை. தமிழ்நாடு காவல்துறை 2022 மார்ச் இறுதியில் தொடங்கிய கஞ்சா வேட்டை 2.0 போன்ற நடவடிக்கைகளின்போது வழக்குகள் குவியும். அந்த நேரத்தில் ஈரமானியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா என்று ஒரு காவல் ஆய்வாளர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. தானியத்துக்கு அளவுசெய்த ஈரமானி கஞ்சாவுக்குச் சரியாகக் காட்டாது என்பதும் உண்மை.

ஆனால் இதே மாவட்டத்தில் ஈரம் அன்றாடம் அளக்கப்படுகிறது. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்ட விவசாயி நேரடிக் கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டையைக் கொண்டுபோனால் முதல் சோதனை ஈரப்பதம். 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். மழையில் நனைந்த பருவத்தில் அதை 22 வரை தளர்த்தும்படி மாநில அரசு ஒன்றிய அரசிடம் கேட்டதுண்டு. ஒன்றிரண்டு சதவீதத் தளர்வுக்கு ஆய்வுக்குழு வந்து மூட்டையைக் குத்திப் பார்த்துவிட்டுப் போகும். வல்லூர், அத்திப்பட்டு அனல்மின் நிலையங்களுக்கு வரும் நிலக்கரிக்கும் ஈரப்பதச் சோதனை உண்டு. இந்திய உணவுக் கழகம் கிடங்குக் கோதுமை ஈரம் உறிஞ்சி எடை கூடுவதைக்கூடக் கணக்கில் வைத்திருக்கிறது. பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் தண்ணீருக்கு விலை கொடுக்கக் கூடாது என்பதில் அரசு இவ்வளவு கண்டிப்பு. சிறைவாசம் சம்பந்தப்பட்ட இடத்தில் அதே கண்டிப்பைக் கேட்பது மிகையில்லை.

செலவும் பெரிதில்லை. காவல் நிலையத்துக்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். நடுவர் முன்னிலையில் மாதிரி எடுக்கும் நாளில் பண்டலின் நிகர எடையை மீண்டும் நிறுக்க வேண்டும். காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் ஒரு சிறு மாதிரியைக் கூடுதலாக எடுத்து, அங்கேயே நுண்தராசில் எடையைக் குறிக்க வேண்டும். ஆய்வகம் அதை உலர்த்தி, எத்தனை சதவீதம் இழந்தது என்று அறிக்கையில் ஒரு வரி சேர்க்க வேண்டும். உலர்த்தும் அடுப்பு எந்த ஆய்வகத்திலும் இருக்கும் சாதனம். அன்றைய எடையையும் ஈர சதவீதத்தையும் வைத்து உலர்பொருள் எவ்வளவு என்று கணக்கிடலாம். பருவம் மாறினாலும், அறை மாறினாலும் உலர்பொருள் மாறாது. பிறகு எப்போது நிறுத்தாலும், ஈரம் பார்த்துக் கணக்கிட்டால் அதே எண் வர வேண்டும். வராவிட்டால் யாரோ எடுத்திருக்கிறார்கள் அல்லது மாற்றியிருக்கிறார்கள்.

சீக்கிரம் எரித்துவிட்டால் இந்தச் சிக்கலே வராதே என்பது நான்காவது வாதம். ஆந்திரக் காவல்துறை 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே 2 லட்சம் கிலோவுக்கு மேல் எரித்தது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அது சான்று. மொத்தச் சரக்கைப் பொறுத்தவரை இந்த வாதம் சரி. காவல் நிலையத்தைக் கஞ்சாப் பதப்படுத்தும் கிடங்காக்கச் சொல்பவர் யாரும் இல்லை. பூஞ்சை பிடித்த மூட்டைகளுக்கு நடுவே காவலர்கள் மூச்சு விடுவதும் நல்லதில்லை. ஆனால் எரித்தபின் மிஞ்சுவது மாதிரியும் பதிவும்தான். எரிப்பு எவ்வளவு விரைவாகிறதோ அந்த அளவுக்குப் பதிவின் துல்லியம் முக்கியமாகிறது, ஏனென்றால் திரும்பி நிறுத்துப் பார்க்கப் பொருள் இருக்காது. 52ஏ நடைமுறையில் பிசகு என்பது மட்டுமே விடுதலைக்குப் போதாது என்று 2025 ஜனவரியில் சத்தீஸ்கர் கஞ்சா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நடைமுறைப் பிழைக்குத் தன்னியக்கமாகப் பலன் கிடைக்காது என்றானபின், பொருளைப் பற்றிய சான்று தரமானதாக இருக்க வேண்டிய கட்டாயம் கூடுகிறது.

முடிவு

2022 விதிகள் பழைய நிலையைவிட மேலானவை. அவற்றைத் தூக்கி எறியச் சொல்லும் வாதம் எடுபடாது. அடையாளம் என்ற அளவுகோலில் அவை தேறுகின்றன. எடையின் நேர்மை என்ற அளவுகோலில் தேறவில்லை. மாதிரியின் நலம் என்ற அளவுகோலில் பாதிதான் தேறுகின்றன: உலர்ந்த சரக்குக்குப் போதும், ஈரச் சரக்குக்குப் போதாது.

திருத்தம் இரண்டு அடுக்கில் வர வேண்டும். முதல் அடுக்கு விதித்திருத்தம்: ஈரப் பதிவு கட்டாயம், ஈரமான மாதிரியை முதலில் உலர்த்தி, நீர்ச்செயற்பாடு 0.65க்குக் கீழே வந்தபின் அடைக்க வேண்டும்; மொத்தச் சரக்கைக் கணக்கெடுத்ததும் எரிக்க வேண்டும். இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. இரண்டாவது அடுக்கு அறிவிக்கைத் திருத்தம்: 1 கிலோ, 20 கிலோ என்னும் எல்லைகள் எந்த ஈரத்தில் என்று எழுதப்பட வேண்டும். 12 சதவீதமா வேறெதுவா என்பதை வல்லுநர் குழு முடிவு செய்யட்டும். ஓர் எண் இருக்க வேண்டும் என்பதில் பேரத்துக்கு இடமில்லை. இரண்டாவது அடுக்கு தாமதமாகலாம். முதல் அடுக்கைத் தள்ளிப்போடச் சொல்லும் எந்த வாதமும் இங்கே எடைபோட்டதில் நிற்கவில்லை.

அதுவரை பாரம் வழக்கறிஞர்கள் மேலும் நீதிபதிகள் மேலும்தான். எல்லைக்கோட்டு வழக்குகளில் எடை எப்போது, எந்த நிலையில், உறையோடா உறையின்றியா எடுக்கப்பட்டது என்று கேட்பதோடு, ஈரம் எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். அரசுத் தரப்பிடம் பதில் இல்லையென்றால், வணிக அளவு ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டது என்று எழுத அந்த வழக்கில் ஆதாரம் இல்லை. அப்போது தண்டனை இடைப்பட்ட அளவுக்குரியதாக இருப்பதே சட்டத்துக்குப் பொருந்தும்.